மடக்காத கத்திகள் நான்கைத் தோட்டத்தில் வைத்துச் சோதித்தேன். இந்த முடிவுகளை நம்பலாமா?

கேள்வி: கடையாலுமூட்டுக்காரன்

வணக்கம். மலையேற்றத்துக்கும் வெளியில் இரவு தங்குவதற்கும் கொண்டுபோகும் மடக்காத கத்திகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்றுவிடுவது என்று தெரிந்துகொள்வதற்காக, என்னிடம் உள்ள நான்கு கத்திகளையும் சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரப்பர் தோட்டத்தில் வைத்து ஒரு பகல் முழுவதும் சோதித்தேன். வந்த முடிவைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கம்பெனிப் பெயர்களை எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் கத்திகளை எண்ணிட்டே சொல்கிறேன்.

ஒன்றாவது கத்தி துருப்பிடிக்காத எஃகு. அலகு 10 செ.மீ. நீளம், முதுகு 2.5 மி.மீ. கனம். இரண்டாவது 1095 என்னும் கார்பன் எஃகு, 13 செ.மீ. நீளம், 6 மி.மீ. கனம், கையில் எடுத்தால் ஒரு சிறு கோடரியைப் போலக் கனக்கும். மூன்றாவது டி2 எஃகு, 12 செ.மீ., 4 மி.மீ.; இணையத்தில் தள்ளுபடியில் வாங்கியது. நான்காவது, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கொல்லர் லாரியின் வில்பட்டையில் அடித்துக் கொடுத்தது, 14 செ.மீ., 5 மி.மீ., பூவரசம் பிடி.

முதலில் விரல் கனமுள்ள கதம்பைக் (தேங்காய் நார்) கயிற்றை ஒரே இழுப்பில் அறுப்பதாக வைத்துக்கொண்டு, இழுப்பு இரண்டாகும் வரை எண்ணினேன். ஒன்றாவது 140, இரண்டாவது 60, மூன்றாவது 150, நான்காவது 35. அடுத்து, காய்ந்த ரப்பர் விறகின் தலையில் அலகை வைத்து, முதுகில் ஒரு தடியால் அடித்துப் பிளந்தேன். இரண்டாவது கத்தி தேங்காய் உடைப்பதுபோல் பிளந்தது. ஒன்றாவது பாதியில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது ஒரு கணுவில் பட்டு, நுனிக்குச் சற்றுப் பின்னால் அரிசிமணி அளவுக்கு வாய் (வெட்டும் விளிம்பு) பொடிந்தது. தீ மூட்டுவதற்காகக் குச்சியைச் சுருள்சுருளாகச் சீவியதில் ஒன்றாவதே மேல். கடைசியாக நான்கையும் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, குளச்சலில் மாமா வீட்டுத் திண்ணையில் ஓரிரவு வைத்தேன். காலையில் இரண்டாவதும் நான்காவதும் சிவந்திருந்தன.

இதன்படி கொல்லரின் கத்தியைத்தான் முதலில் தள்ள வேண்டும். ஆனால் அதே கொல்லரிடம் வாங்கிய வெட்டுக்கத்தி எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாக உழைக்கிறது. சோதனையில் எங்கே தவறினேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். (தோட்டத்தில் பால்வெட்ட வரும் அண்ணன், நான் மழையில் சுருள் சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு ஒட்டுப்பாலை (உறைந்த ரப்பர்ப் பால்) கொளுத்தி விறகுக்கடியில் வைத்துவிட்டுப் போனார். நொடியில் பிடித்துக்கொண்டது. அந்த வழி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.)

பதில் 1: அரமும் அளவுகோலும்

தம்பி, பட்டறைத் தொழில் கற்பிப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சோதித்தது நான்கு கத்திகளை அல்ல, நான்கு தீட்டல்களை. கம்பெனியிலிருந்து வரும் கத்தி ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் தீட்டப்பட்டு வருகிறது. கொல்லர் கொடுத்ததோ அநேகமாக அரத்தோடும் சாணைச் சக்கரத்தோடும் நின்றிருக்கும். அப்படியே எடுத்துக் கயிற்றை அறுத்தால், எஃகு எவ்வளவு நேரம் கூர் தாங்குகிறது என்பதற்குப் பதிலாக, யார் நன்றாகத் தீட்டி அனுப்பினார்கள் என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகையால் முதல் வேலை, நான்கையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டுவது. பக்கத்துக்கு 20 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகின் அகலம் 25 மி.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து எட்டரை மி.மீ. உயர்ந்து நிற்கும்போது அந்தக் கோணம் வரும். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கிப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கத்தில் விரல்நகத்துக்குத் தட்டுப்படும் பிசிர் வாயின் முழு நீளத்துக்கும் வந்தாக வேண்டும். பிறகு அந்தப் பிசிரைத் தோல்வாரில் இழுத்து எடுக்க வேண்டும். பிசிரை எடுக்காமல் விட்ட கத்தி முதல் பத்து வெட்டுக்குச் சவரக்கத்திபோல் இருக்கும், பதினோராவது வெட்டில் மடங்கிவிடும். உங்கள் நான்காவது கத்தி 35-இல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது கயிறு. கதம்பையை ஊறவைத்துத் திரித்த கயிற்றில் மணல் ஒட்டியிருக்கும், ஒரு முழத்துக்கும் அடுத்த முழத்துக்கும் அது ஒன்றுபோல் இருக்காது. மணல் எஃகைத் தேய்க்கும். மணலைச் சந்தித்த கத்திக்கு நஷ்டம். கயிற்றைக் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கத்தியை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து வெட்டாகச் சுற்றிச் சுற்றி வாருங்கள். உங்கள் எண்கள் ஒன்று முதல் நான்கு வரை அதே வரிசையில்தான் எடுக்கப்பட்டன என்று நினைக்கிறேன். அப்படியானால் நான்காவது கத்தி, களைத்துப்போன கையையும், நீங்களே சொன்ன அந்த மழையில் நனைந்த கயிற்றையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது.

மழுங்கியதைக் கையால் உணர்ந்து சொல்வதும் போதாது. அடுக்களைத் தராசு ஒன்றை எடுத்து, அதன்மேல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தூண்டில் நரம்பை இறுக்கிக் கட்டி, அலகின் ஒரே இடத்தை அதன்மேல் வைத்து, இழுக்காமல் நேராக அழுத்துங்கள். நரம்பு அறும் கணத்தில் தராசு எத்தனை கிராம் காட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் தவறாது. அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. கயிறு வெட்டும் முன்னும் பின்னும் அது எவ்வளவு ஏறியது என்பதற்குத்தான் பொருள்.

பிளக்கும் சோதனையில் நடந்தது எதிர்பார்க்கத்தக்கதே. ஒரு தகட்டின் வளையாத தன்மை அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது, 2.5 மி.மீ. தகட்டைவிட 5 மி.மீ. தகடு எட்டு மடங்கு விறைப்பானது. கனமான முதுகு ஆப்புபோல் நாரை விலக்கிக்கொண்டு போகும். மெல்லியது வெட்டிக்கொண்டு உள்ளே போகும், ஆனால் மரத்தைத் திறக்காது. அதே காரணத்தால்தான் சுருள் சீவுவதில் மெல்லியது வென்றது. இந்த இரண்டு சோதனைகளிலும் ஒரே கத்தி முதலிடம் வராதது கத்தியின் குறை ஆகாது.

மூன்றாவது பொடிந்ததற்கு விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. டி2 எஃகில் கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதமும் குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். அந்தக் குரோமியத்தில் கணிசமான பகுதி கார்பனோடு கூடிப் பெரிய, கடினமான மணிகளாக எஃகுக்குள் கிடக்கிறது. அதனால்தான் கயிற்றில் 150 வரை தாங்கியது. அதனாலேயே பக்கவாட்டில் வளையும்போது பொடிகிறது. அச்சுகளுக்கென்று உருவான எஃகு அது, கணுவில் வைத்து அடிப்பதற்கு ஏற்றதல்ல. பொடிந்த இடத்தைக் கல்லில் சமன்செய்துவிட்டு, பக்கத்துக்கு 22 பாகையில் தீட்டி, அதே கணுவுள்ள விறகில் ஒருமுறை பாருங்கள்.

பதில் 2: உலைக்களம்

கேட்டவர் குறிப்பிட்ட நான்காவது கத்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் தாத்தா காலம் முதல் உலை இருக்கிறது.

லாரி வில்பட்டையின் எஃகில் கார்பன் அநேகமாக 0.5 முதல் 0.6 சதவீதம்தான். 1095 எஃகில் 0.95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கயிறு அறுப்பதில் வில்பட்டை பின்தங்குவது இயல்பு. அடி தாங்குவதில் முந்துவதும் இயல்பு. அது மட்டுமல்ல. இந்தப் பக்கத்துக் கொல்லர்கள் வெட்டுக்கத்திக்குத் தோய்ச்சல் (அலகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) கொடுக்கும்போது வேண்டுமென்றே சற்று இளக்கமாக விடுவார்கள். தென்னந்தோப்பில் மட்டையும் கொதும்பும் வெட்டுகிறவனுடைய கத்தி நாளுக்கு ஒருமுறையாவது கல்லில் படும். அப்போது வாய் பொடியாமல் மடங்க வேண்டும், மடங்கியதை வரப்பில் உட்கார்ந்து ஓர் அரத்தால் சரிசெய்ய முடிய வேண்டும். உங்கள் கொல்லர் கேட்டதும் அந்தக் கை வழக்கத்திலேயே இதையும் அடித்திருப்பார். அவரிடம் நீங்கள் வெட்டுக்கத்தி கேட்டீர்களா, சீவுகிற கத்தி கேட்டீர்களா என்று சொல்லவில்லை.

திரும்பக் கொண்டுபோய் மறுபடி தோய்ச்சல் கொடுக்கச் சொல்லலாம். பிடியைக் கழற்றிவிட்டு அலகைச் சூடேற்றும்போது ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 770 பாகை செல்சியஸை ஒட்டி இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் இன்னும் ஒரு நிழல் சிவக்க விட்டு, வாய்ப்பக்கத்தை எண்ணெயில் இறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கினால் இந்த எஃகு விரிசல் விடக்கூடும். இறக்கிய உடனே அது கண்ணாடிபோல் உடையும் நிலையில் இருக்கும், கீழே போட்டுவிடாதீர்கள்.

பிறகுதான் நான் சிறுவயதில் பார்த்துக்கொண்டே நின்ற வேலை வருகிறது. தாத்தா வாயை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, கனமான ஓர் இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி அதன்மேல் கத்தியின் முதுகை மட்டும் படும்படி வைப்பார். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு முதுகிலிருந்து ஒரு நீலக்கோடு கிளம்பும். அதற்கு முன்னால் ஊதா, அதற்கும் முன்னால் பழுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கோல் நிறம், ஈரத்துணியில் மை ஊறுவதுபோல வாயை நோக்கி நகரும். வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட அந்த நொடியில் எடுத்துவிடுவார். அந்த நிறம் ஏறக்குறைய 210 பாகை. நீலம் 300-ஐ ஒட்டியது. முதுகு நீலம், வாய் வைக்கோல் என்றால் அடியும் தாங்கும், கூரும் தாங்கும். இப்போது நான் சிற்றடுப்புப் பெட்டியில் (ஓவனில்) 200 பாகையில் ஒரு மணி நேரமாக இருமுறை வைக்கிறேன். கணக்கு சரியாக வருகிறது, பார்க்க அந்த அழகு இல்லை.

வேலை சரியா என்று பார்க்க, 6 மி.மீ. பித்தளைக் கம்பியின்மேல் வாயைச் சாய்த்து வைத்து அழுத்தி இழுங்கள். வாய் கம்பியின்மேல் லேசாகப் புடைத்து, கடந்துபோனதும் நேராகிவிட்டால் தோய்ச்சல் சரி. புடைத்தது அப்படியே நின்றால் இளக்கம். பொடிந்தால் முறுக்கு அதிகம். பழைய வில்பட்டையில் லாரி ஓடிய காலத்து நுண்விரிசல் இருக்கலாம் என்பதால், தோய்ச்சலுக்குப் பிறகு அலகை நூலில் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். மணிபோல் ஒலிக்காமல் 'டப்' என்றால் அந்தக் கத்தியை நம்பாதீர்கள்.

கூருக்கு எங்கள் பக்கத்தில் அளவுகோல் பனையேறியின் பாளை அரிவாள்தான். தினம் இரண்டு வேளை பாளையைத் தாள்போல் சீவ வேண்டிய கருவி அது. பக்கத்து வீட்டுப் பனையேறி தாத்தா ஒரு மரப்பலகையில் வெங்கச்சங்கல் (வெண்மையான குவார்ட்ஸ் கல்) பொடியைத் தூவி அதில்தான் தீட்டுவார். வெளிநாட்டுக் கல்லுக்குச் செலவழிக்கும் முன் அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பதில் 3: காளிகேசம் வழி

இரண்டு அண்ணாச்சிமாரும் எஃகைப் பற்றி எழுதிவிட்டார்கள். சோதனையில் விட்டுப்போன ஒன்று பிடி. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலையோரத்தில் காய்ந்த கையோடு கத்தி பிடிக்கும் நாள்கள் குறைவு. மூன்றாண்டுகளுக்கு முன் பாலமோர்ப் பக்கத்தில் ஒரு நண்பரின் கிராம்புத் தோட்டத்தில், மழையில் நனைந்த கையோடு மூங்கிலில் ஒரு துளை போடுவதற்காகக் கத்தியை முனையால் குத்தினேன். அலகு நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. பிடியிலிருந்து வாய்க்கு நழுவிய ஆள்காட்டி விரலில் நான்கு தையல். அந்தக் கத்தி பார்ப்பதற்கு அழகான, வழவழப்பான மரப்பிடி கொண்டது. பிடிக்கும் வாய்க்கும் நடுவே விரலைத் தடுக்க ஒரு புடைப்புகூட இல்லை. ஆகையால் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, உறையை மாட்டியபடியே கத்தியை ஒரு மரத்தில் முட்டித் தள்ளிப் பாருங்கள். உறையோடு செய்தால் விரல் போகாது, பிடி நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும். உங்கள் பூவரசம் பிடிக்கு இந்தச் சோதனை அவசியம்.

உப்புத்துணிச் சோதனை நல்ல யோசனை. ஆனால் ஒரு மேலோட்டமான சிவப்பு பெரிய குற்றமில்லை. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் சாம்பலும் போதும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பிக் கடற்கரையில் ஈரத்தோல் உறைக்குள் போட்டு வைப்பதுதான் ஆபத்து. உப்பு அதில் ஊசிமுனைக் குழிகளாக அரிக்கும், கண்ணுக்குத் தெரியும்போது ஆழம் போயிருக்கும். நான்கையும் ஓர் இரவு மட்டும் வைக்காமல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். வாழைத்தண்டை வெட்டிய கார்பன் எஃகு கறுத்துப்போவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்தக் கறை ஓரளவு துருவையும் தடுக்கும்.

இனி, எங்கே சோதிக்கலாம் என்பது. சொந்தத் தோட்டத்தில் செய்தீர்கள், நல்லது. இதைப் படித்துவிட்டு யாரும் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கத்தியோடு போய்விடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, எழுத்துமூல முன்அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கத்தி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதை 30-ஆம் பிரிவு தடுக்கிறது. மேலும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், வீட்டு வேலைக்கோ வேளாண்மைக்கோ அல்லாத கத்திகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றைத் தனி வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. உங்கள் நான்கும் அதற்குள் வராது. பெரிதாக வாங்க நினைப்பவர்கள் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

அளவைப் பற்றி என் கருத்து இது. ஸ்வீடன் விமானப்படை 1995-இல் தன் விமானிகளுக்கென்று ஏற்றுக்கொண்ட ஃபால்க்னிவென் எஃப்1 கத்தியின் அலகு 97 மி.மீ. நீளமும் 4.5 மி.மீ. கனமும்தான். பனிக்காட்டில் விழுந்தவனுக்கே அது போதுமென்றால், வீட்டில் வெட்டுக்கத்தி இல்லாத தோட்டமே இல்லாத நம் ஊரில் இடுப்புக்கத்தியைக் கொண்டு விறகு பிளப்பதற்கு அவசியமே இல்லை. பிளக்கும் சோதனைக்கு நான் மதிப்பெண் குறைத்தே போடுவேன்.

கேட்டவரின் மறுமொழி: கடையாலுமூட்டுக்காரன்

மூவருக்கும் நன்றி. பட்டறை அண்ணாச்சி ஊகித்தது சரி: ஒன்று முதல் நான்கு வரை அதே வரிசையில்தான் அறுத்தேன், நான்காவதை எடுத்தபோது கயிறும் நனைந்திருந்தது. கொல்லரிடம் நான் கேட்டதும் 'சின்னதாக ஒரு வெட்டுக்கத்தி' என்றுதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி செய்தேன். நான்கையும் ஒரே கல்லில் 20 பாகையில் தீட்டினேன்; மூன்றாவதை மட்டும் 22 பாகையில். தராசில் தூண்டில் நரம்பு அறுந்த எண்கள் தொடக்கத்தில் எல்லாம் 210 கிராமுக்கும் 260 கிராமுக்கும் இடையில் இருந்தன. கழுவி உலர்த்திய கயிற்றில், பத்துப் பத்தாகச் சுற்றி, நூறு நூறு வெட்டு முடித்த பிறகு, மூன்றாவது 310, ஒன்றாவது 390, இரண்டாவது 450, நான்காவது 700. ஆக, நான்காவது இன்னமும் கடைசிதான். ஆனால் முன்பு 60-இலேயே நின்றுபோன இரண்டாவது, இப்போது ஒன்றாவதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு வந்த குறை முழுவதும் கம்பெனித் தீட்டலில்தான் இருந்திருக்கிறது. மூன்றாவதை அதே கணுவில் இருமுறை அடித்தேன், இம்முறை பொடியவில்லை. எண்ணெய்க் கைச் சோதனையில் பூவரசம் பிடி மட்டுமே நழுவியது. கொல்லரிடம் காட்டியபோது, பிடியின் முன்பக்கத்தில் விரல் தடுக்கும்படி ஒரு புடைப்பு விட்டுச் செதுக்கித் தருவதாகவும், காந்தம் எதற்கு, நிறமே போதும் என்றும் சொன்னார். தோய்ச்சல் முடிந்து கத்தி வந்ததும் பித்தளைக் கம்பியில் பார்த்து எழுதுகிறேன்.

ஒன்றாவது கத்தியின் ஒரு வாரத்து உப்புச் சோதனை மட்டும் நடக்கவில்லை. அந்த நாளில் அதைத் தேடியபோது அம்மா அடுக்களையில் மரச்சீனித் தோல் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாலு கத்தி இருக்கும்போது எனக்கு ஒன்று ஆகாதா என்று கேட்டார். இரவில் எடுத்துத் தராசில் அழுத்திப் பார்த்தேன். மறுபடி தீட்டி வைத்தபோது 240 கிராம், ஒன்பது நாள் அடுக்களைக்குப் பிறகு 300.